பதினெட்டு டாலர் நிலம்: டேனியல் ஃப்ரீமனும் அவர் குடும்பமும்

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்க மேற்கின் குடியேறிகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது, ஒரே ஒரு தாளை எடுத்துக்கொண்டு பேசலாம் என்று முடிவு செய்தேன். 1868 ஜனவரி 20 அன்று நெப்ராஸ்காவில் எழுதப்பட்ட சாட்சிப் பத்திரம் அது. டேனியல் ஃப்ரீமன் என்பவர் தமக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தில் ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தார் என்று ஜோசப் கிராஃப், சாமுவேல் கில்பாட்ரிக் என்னும் இருவர் அதில் சத்தியம் செய்கிறார்கள். பதினான்குக்கு இருபது அடியில் மேல்மாடி இல்லாத ஒரே தள வீடு, பாதி மரக்கட்டை, பாதி பலகை. இரண்டு கதவு, இரண்டு சன்னல். சுமார் 35 ஏக்கர் உழுது வேலியிட்ட நிலம். ஒரு லாயம், நூறடி நீள ஆட்டுக்கொட்டகை, சோளக்கதிர்க் களஞ்சியம். 40 ஆப்பிள் மரம், சுமார் 400 பீச் மரம். ஒரு குடும்பத்தின் ஐந்தாண்டு வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமாகவும் இவ்வளவு துல்லியமாகவும் சொல்லும் தாள் அபூர்வம். ஒவ்வொரு வரியாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் சட்டம். லிங்கன் 1862 மே 20 அன்று கையெழுத்திட்ட குடியிருப்பு நிலச் சட்டம் 1863 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. குடும்பத் தலைவராகவோ 21 வயது நிரம்பியவராகவோ இருக்க வேண்டும். குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது குடிமகனாகப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அரசுக்கு எதிராக ஆயுதம் எடுத்திருக்கக் கூடாது. பெண்களும் குடும்பத் தலைவியாகவோ மணமாகாதவராகவோ இருந்தால் கேட்கலாம். கிடைப்பது 160 ஏக்கர். பதிவின்போது பத்து டாலரும் அலுவலருக்கு இரண்டு டாலரும், ஐந்தாண்டு கழித்துப் பட்டா வாங்கும்போது ஆறு டாலரும் கட்ட வேண்டும். மொத்தம் பதினெட்டு. ஐந்தாண்டு பொறுக்க முடியாதவர் ஆறு மாதம் குடியிருந்துவிட்டு ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர் கட்டி வாங்கிக்கொள்ளலாம். 160 ஏக்கருக்கு அது 200 டாலர்.

இந்தப் பதினெட்டு டாலரை மட்டும் பார்த்துவிட்டு ‘இலவச நிலம்’ என்று எழுதியவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அது தவறு என்பதே இன்று நான் சொல்ல வந்தது. சட்டம் கொடுத்தது மண்ணை மட்டும்தான். அந்த மண் பயிர்நிலமாகும்வரை சாப்பிட என்ன வழி, கலப்பைக்கும் மாட்டுக்கும் பணம் எங்கிருந்து என்ற கேள்விகளுக்குச் சட்டத்தில் பதில் இல்லை.

ஃப்ரீமன் 1826இல் ஒஹாயோவில் பிறந்து, இல்லினாயில் வளர்ந்து, மருத்துவம் பார்த்தவர். உள்நாட்டுப் போர்க் காலத்தில் படையில் இருந்தவர் என்பார்கள். பிரௌன்வில் நில அலுவலகத்தில் 1863 புத்தாண்டு நள்ளிரவு தாண்டியதும் அலுவலரை எழுப்பிப் பதிவு செய்ததாகவும், விடிந்ததும் படைக்குத் திரும்பியதாகவும் அவர் பெயரில் ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் பெரும்பாலும் அவருடைய சொந்த வாக்குமூலம்தான். அதே நாளில் நாடெங்கும் நானூறுக்கு மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். எந்த நிமிடத்தில் யார் முந்தினார் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. அவருடைய விண்ணப்ப எண் 1, சான்றிதழ் எண் 1. 1869இல் வந்த பட்டா பதிவேட்டின் முதல் தொகுதி முதல் பக்கத்தில் இருக்கிறது. அது போதும்.

நிலம் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். நாட்டை ஆறு மைல் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு மைல் சதுரமுள்ள 36 பிரிவுகளாக்கி எண் போட்டார்கள். ஒரு பிரிவு 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160. அளந்தது ‘குண்டர் சங்கிலி’ என்னும் 66 அடி அளவுச் சங்கிலியால். நம் ஊர் சர்வேயர்கள் இழுத்த அதே சங்கிலிதான். ஒரு சங்கிலிச் சதுரம் நம் கணக்கில் பத்து சென்ட். ஃப்ரீமன் நினைத்திருந்தால் ஒரே சதுரமாக ஒரு கால் பங்கை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. 26ஆம் பிரிவின் வடமேற்குக் காலில் தென்பாதி, அதன் வடகிழக்குத் துண்டு, பக்கத்து வடகிழக்குக் காலில் தென்மேற்குத் துண்டு என்று, நாற்பது நாற்பது ஏக்கராக நான்கு துண்டுகளைத் தொட்டுத் தொட்டுச் சேர்த்திருக்கிறார். வரைந்து பார்த்தால் கோணல்மாணலாக இருக்கும். கப் க்ரீக் என்னும் ஓடை போகும் இடத்தை விடாமல் பிடிக்கும் வரைபடம் அது. மரமில்லாத புல்வெளி நாட்டில் ஓடைக்கரையில்தான் எல்ம், ஓக், காட்டன்வுட் மரங்கள் நிற்கும். வீட்டுக்கு உத்திரமும் வேலிக்குக் கழியும் அடுப்புக்கு விறகும் கால்நடைக்குத் தண்ணீரும் அங்கேதான். முதலில் வந்தவருக்கு ஓடை கிடைத்தது. பின்னால் வந்தவர்கள் மேட்டு நிலத்துக்குப் போனார்கள்.

மேட்டு நிலத்துக்காரர் வீட்டுக்கு மரம் கிடையாது. புல்வேர் பின்னிய மண்ணையே ஓரடி அகலம், நாலங்குலக் கனத்தில் நீளமாகச் சீவி, மூன்றடித் துண்டாக மண்வெட்டியால் வெட்டி, புல் பக்கம் கீழே வரும்படி அடுக்குவார்கள். சுவருக்கு இரண்டு மூன்று வரிசைக் கனம். சில அடுக்குக்கு ஒரு முறை குறுக்கே வைத்துக் கட்டுவது. சன்னல் சட்டத்துக்கு மேலே சில அங்குலம் இடைவெளி விட்டுக் கந்தல் துணி திணிக்க வேண்டும். ஏனென்றால் சுவர் காயக் காய அமுங்கும். இடைவெளி விடாவிட்டால் கண்ணாடி நொறுங்கும். குளிருக்கும் வெயிலுக்கும் அது நல்ல வீடு. மழைக்குத்தான் ஆகாது. கூரை ஊறி, மழை விட்ட பிறகும் உள்ளே சேறு சொட்டிக்கொண்டிருக்கும். இதைத் தெரிந்துகொண்டால்தான் ஃப்ரீமன் தாளில் ‘ஓட்டுப்பலகைக் கூரை, பலகைத் தரை’ என்று தனியாக எழுதியதன் அர்த்தம் விளங்கும். அந்த ஊர் நிலையில் அது வசதியான வீடு. பரப்பு என்னவோ 280 சதுர அடிதான்.

இனி அந்த 35 ஏக்கர். ஐந்தாண்டில் 160இல் 35தானா என்று தோன்றும். ஆனால் இது சோம்பல் கணக்கு அல்ல. அங்கே இருந்தது உயர்புல் சமவெளி. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பின்னிய வேர். வார்ப்பிரும்புக் கலப்பையில் அந்தக் கரிய மண் ஒட்டிக்கொண்டு உருளாது. நாலடிக்கு ஒருமுறை சுரண்ட வேண்டும். பளபளப்பான எஃகுக் கலப்பையை ஜான் டீர் 1837இல் செய்த பிறகுதான் மண் வழுக்கி விழுந்தது. அதுவும் முதல் உழவுக்குப் போதாது. அதற்கென்று நீண்ட, தாழ்ந்த பலகை வைத்த உடைப்புக் கலப்பையை மூன்று முதல் ஆறு ஜோடி எருது இழுக்கும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு ஏக்கர் ஆனால் நல்ல வேலை. மாடுகள் இல்லாதவர் கூலிக்கு உழவு வைத்தார். ஒரு ஏக்கருக்குக் கொடுத்த கூலியே நிலத்தின் அரசு விலையைவிட அதிகம்.

ஆழமாக உழுதால் நல்லது என்று புதியவர்கள் நினைத்தார்கள். இங்கே அது நேர்மாறு. இரண்டு மூன்று அங்குலம்தான் சீவ வேண்டும். மே கடைசி தொடங்கி ஜூன் முடிய, புல் முழு வளர்ச்சியில் இருக்கும்போது, புல் பக்கம் அடியில் போகும்படி தட்டையாகப் புரட்டிவிட்டால் வெயிலில் வேர் செத்து மக்கும். முன்னதாகவோ ஆழமாகவோ புரட்டினால் புல் மறுபடி தழைக்கும். பிந்திப் புரட்டினால் மக்க நேரமில்லாமல் செங்கல்லாகக் காய்ந்து, அடுத்த ஆண்டு விதைப்பும் போகும். முதல் ஆண்டு அந்தப் புரட்டின கட்டியில் கோடாரியால் வெட்டு போட்டு மக்காச்சோள விதையை இட்டு மிதித்துவிட்டுப் போவார்கள். களை எடுக்க இடமில்லை. விளைச்சல் அற்பம், மாட்டுத் தீவனத்துக்கு ஆகும். இலையுதிர் காலத்திலோ மறு வசந்தத்திலோ இன்னும் ஓரிரு அங்குலம் சேர்த்து எதிர்ப்புறம் உழுத பிறகுதான் கோதுமைக்கு நிலம் ஆயிற்று. ஆக, இன்று உடைத்த ஏக்கர் சாப்பாடு போட ஒன்றரை ஆண்டு ஆகும்.

வேலிக் கணக்கு இதைவிடக் கடுமை. நெப்ராஸ்காவில் 1870களின் தொடக்கத்தில் மேய்ச்சல் சட்டம் வரும்வரை, அவிழ்த்துவிட்ட மாட்டைத் தடுக்கும் பொறுப்பு பயிர்க்காரருடையது. 35 ஏக்கரைச் சதுரமாக வைத்தாலும் சுற்றளவு ஏறத்தாழ ஒரு மைல். பிளந்த கழிகளை வளைந்து வளைந்து அடுக்கும் வேலி என்றால் மைலுக்கு ஐயாயிரம் கழி வேண்டும். நல்ல கோடாரிக்காரர் ஒரு நாளில் நூறு பிளந்தால் பெரிது. ஐம்பது நாள் பிளப்பு, பிறகு இழுப்பு, பிறகு அடுக்கு. இதனால்தான் ஓசேஜ் ஆரஞ்சு என்ற முள்மரத்தை உயிர்வேலியாக வளர்த்தார்கள். விதையை நாள்கணக்கில் நீரில் ஊறவைத்து முளைகட்டிய பிறகே போட வேண்டும். உலர்விதை போட்டால் இடைவெளி விழும், இடைவெளி விழுந்த வேலி வேலியே அல்ல. நாலைந்து ஆண்டு வெட்டிவிட்டுப் படிய வைத்தால் குதிரை தாண்டாது, காளை முட்டாது, பன்றி நுழையாது என்பார்கள். 1874இல் ஜோசப் கிளிடன் என்பவர் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்ற பிறகு இந்தப் பாடு குறைந்தது.

நூறடி ஆட்டுக்கொட்டகை ஏன்? போரில் தெற்கிலிருந்து பருத்தி வருவது நின்றதும் கம்பளி விலை ஏறியது. போர் முடிந்ததும் சரிந்தது. அந்த விலையை நம்பி ஆடு வாங்கிய புல்வெளிக்காரர்கள் பலர் அடிபட்டார்கள். களஞ்சியமும் சும்மா ஒரு பெட்டி அல்ல. கதிர் அறுத்தபோது ஈரமாக இருக்கும். சட்டங்களுக்கு இடையே காற்றுப் போக வேண்டும், அகலம் குறுகலாக இருக்க வேண்டும். அகலமாகக் கட்டினால் நடுவில் பூஞ்சணம். பழமரத்தில் பீச் பத்து மடங்கு இருப்பதற்கும் காரணம் உண்டு: பீச் கொட்டை போட்டாலே முளைத்து மூன்று நாலு ஆண்டில் காய்க்கும். ஆப்பிளுக்கு ஒட்டுக்கன்று விலைக்கு வாங்க வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். ஆனால் கடுங்குளிர் வந்தால் முதலில் சாவது பீச்சு. பணமில்லாதவர் வைக்கும் தோட்டம் அது.

இதுவரை தாளில் இருப்பது. தாளில் இல்லாத ஒருவரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவேறாது. ஆக்னஸ் சூட்டர், அயோவாவின் லெக்லேர் ஊர்ப் பெண். முதலில் ஃப்ரீமனின் சகோதரர் ஜேம்ஸுக்கு நிச்சயிக்கப்பட்டவர். ஜேம்ஸ் போர்க் காலத்தில் இறந்தார். பிறகு டேனியல் கடிதம் எழுதத் தொடங்கி, கடிதத்திலேயே மணம் பேசி, 1865இல் கல்யாணம் நடந்தது. அந்த 280 சதுர அடிக்குள் ஆக்னஸ் வந்தார், பிள்ளைகள் பிறந்தார்கள்.

இத்தகைய வீடுகளில் பெண்கள் செய்த வேலையைச் சாட்சிகள் எண்ணவில்லை. எண்ணும்படி சட்டம் கேட்கவும் இல்லை. சோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலம் முழுவதும் கட்டைச் சாம்பலைச் சேர்த்து, பீப்பாயில் போட்டு மழைநீர் விட்டு, அடியில் வடியும் காரநீரைப் பிடிக்க வேண்டும். முட்டையை அதில் போட்டால் சிறிதளவு மேலே தெரிய மிதக்க வேண்டும். மூழ்கினால் காரம் போதாது, சோப்பு ஆகாது. அதைப் பன்றிக் கொழுப்போடு வெட்டவெளியில் நாளெல்லாம் காய்ச்ச வேண்டும். காரம் மிஞ்சினால் கை வெந்துபோகும். இதற்கு நடுவே ஓடைத் தண்ணீர், துவைப்பு, வெண்ணெய் கடைதல், இறைச்சி உப்பிடுதல், பழம் உலர்த்துதல். கடைக்கு முட்டையும் வெண்ணெயும் கொண்டுபோய் உப்பும் துணியும் வாங்கிய வீடுகள் ஏராளம். முதல் அறுவடைக்கு முந்திய அந்த ஒன்றரை ஆண்டில் பல குடும்பங்களைக் காப்பாற்றியது அந்த முட்டைக் கூடைதான். இலவச நிலத்துக்குக் கட்டிய விலையில் பெரும்பகுதி இது.

இவ்வளவு செய்தும் எல்லாம் கைவிட்டுப் போவதுண்டு. 1874இல் ராக்கி மலை வெட்டுக்கிளி இறங்கி மக்காச்சோளத்தைத் தண்டோடு தின்றது. வெங்காயத்தைக் குழிக்குள்ளேயே தின்றது. வியர்வை உப்பு படிந்த மண்வெட்டிப் பிடியைக்கூட அரித்தது. புல்வெளித் தீக்கு ஒரே தடுப்பு, வீட்டைச் சுற்றி இரண்டு பட்டை உழுது, காற்றில்லாத மாலையில் இடைப் புல்லை முன்கூட்டியே எரித்துவிடுவது. அதைத் தள்ளிப்போட்டவர் வைக்கோலையும் கொட்டகையையும் இழந்தார்.

ஃப்ரீமன் குடும்பம் நிலைத்தது. அவர் பிடிவாதக்காரர் என்பதற்கும் ஒரு பதிவு இருக்கிறது. நிலத்துக்கு அருகிலிருந்த பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பைபிள் வாசித்து வழிபாடு நடத்தியதை எதிர்த்து, எழுபது வயது தாண்டிய நிலையில் வழக்குத் தொடுத்தார். 1902இல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1908 டிசம்பரில் இறந்தார். அவருடைய நிலத்தை 1936இல் நாடாளுமன்றம் தேசிய நினைவிடமாக்கியது. அவர் உடைத்த மண்ணில் 1939 முதல் மறுபடியும் பழைய புல்லையே நட்டு வளர்க்கிறார்கள்.

கடைசியாக, அந்த நிலம் அரசுக்கு எப்படி வந்தது? அது ஓட்டோ, மிசௌரியா என்னும் பூர்வகுடி மக்களின் நாடு. 1854 உடன்படிக்கையில் அவர்களிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு, பிக் புளூ ஆற்றங்கரையில் பத்து மைல் அகலம், இருபத்தைந்து மைல் நீளம் ஒதுக்கினார்கள். 250 சதுர மைல், அதாவது 1,60,000 ஏக்கர். ஃப்ரீமன் ஒருவருக்குக் கிடைத்த நிலத்தைப் போல ஆயிரம் மடங்கு, ஒரு முழு இனத்துக்கு. குடியேறிகள் பெருகியதும் அதுவும் கண்ணை உறுத்தியது. 1876க்குப் பிறகு மேற்குப் பகுதியை விற்றார்கள், 1881இல் மிச்சத்தையும் விற்றார்கள். அந்த மக்கள் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் பெயர்ந்தார்கள். ஓட்டோ-மிசௌரியா இனத்தின் அரசு இன்றும் அங்கே ரெட் ராக் ஊரிலிருந்துதான் நடக்கிறது.