புதுப் பதிப்பு வந்தால் முதலில் கால்களைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. கூடைப்பந்தைப் பற்றிப் பேச இதற்கு முன்னும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கூடைப்பந்து வீடியோ கேமைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. உடனே ஒத்துக்கொண்டேன். திருகோணமலையில் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்குகிற எனக்குச் செப்டெம்பர் வந்தால் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். "சேர், இந்த வருசத்து கேம் எப்படி?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "இருபதாயிரத்துக்கு மேல கேக்கிறான், குடுக்கலாமா?" என்று பெற்றோர் கேட்பார்கள்.

இந்த வருடத்து கேம் என்றால் என்பிஏ 2கே26. என்பிஏ என்பது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடர். அதை வைத்துச் செய்கிற இந்த கேமுக்கு வருடா வருடம் புதுப் பதிப்பு வரும். 2025 செப்டெம்பர் 5ஆம் திகதி வெளியானது. அட்டையில் ஒக்லஹோமா சிட்டி தண்டர் அணியின் ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டர் நிற்கிறார். 2024-25 பருவத்தின் மிகச் சிறந்த வீரர் விருதும், இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தன. அந்தப் பருவத்தில் ஒரு போட்டிக்குச் சராசரியாக 32.7 புள்ளிகள் எடுத்தவர். அட்டைக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

இதை ஏன் நான் இவ்வளவு பாரமாக எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நம்முடைய திடல்களில் பலவற்றுக்குக் கூரை இல்லை. ஒக்டோபர் கடைசியில் மாரி தொடங்கினால் ஜனவரி வரைக்கும் சீமெந்துத் தரை காய்வதே அபூர்வம். அந்தப் பின்னேரங்களில் உவர்மலையிலும் உப்புவெளியிலும் பொடியன்கள் வீட்டுக்குள் இருந்து விளையாடுவது இந்த கேமைத்தான். என்பிஏ போட்டிகள் நடப்பது நமக்கு விடியற்காலை. பாடசாலை நாளில் யார் எழும்பிப் பார்ப்பது? ஆகவே பிள்ளைகளின் கண்ணில் படுகிற உயர்தரக் கூடைப்பந்தில் பெரும்பங்கு இந்த கேமில் இருந்துதான் வருகிறது. அதில் பிழையான ஆட்டம் இருந்தால், பிழையான ஆட்டத்தோடு திடலுக்கு வருவார்கள். உதாரணமாக, என்பிஏயின் மூன்று புள்ளிக் கோடு 7.24 மீற்றர் தூரத்தில் இருக்கிறது. நாங்கள் விளையாடுகிற சர்வதேச விதிப்படி அது 6.75 மீற்றர். கேமில் அந்த 7.24க்கும் இரண்டு அடி பின்னால் நின்று எறிந்து பழகிய பிள்ளை, திடலில் அதே இடத்தில் இருந்து எறியப் பார்க்கும். கையில் பலம் போதாமல் பந்தைத் தோளில் இருந்து தள்ளும். அந்தப் பழக்கத்தை மாற்ற மாதக் கணக்கில் மினக்கெட வேண்டும்.

கிழக்கில் கூடைப்பந்து வேரூன்றியதில் அமெரிக்காவில் இருந்து வந்த யேசு சபைக் குருமாருக்குப் பெரிய பங்கு உண்டு. லூசியானாவில் பிறந்த யூஜின் ஹெபர்ட் அடிகளாரை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் எத்தனையோ பிள்ளைகளைப் பழக்கியவர். 1990 ஆகஸ்டில், வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில் காணாமல் போனார். அந்தத் தலைமுறையிடம் பழகியவர்களிடம் பழகியவன் நான். முதலில் கால், பிறகு கை என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். கேமையும் நான் அந்த வரிசையில்தான் பார்க்கிறேன்.

பார்க்கிற முறை இதுதான். இணையத்தைத் துண்டித்துவிட்டு, ஒரு கால்பகுதியை என்பிஏயில் உள்ளபடி 12 நிமிடமாக மாற்றுவேன். அணி தெரிவுசெய்கிற திரையில் கொன்ட்ரோலரை எந்தப் பக்கமும் தள்ளாமல் நடுவில் விட்டால், இரண்டு அணியையும் கணினியே ஆட்டும். ஒரு கோப்பித்தண்ணியோடு இருந்து முழுப் போட்டியையும் பார்ப்பேன். பட்டன் அழுத்துகிற சந்தோஷம் இல்லாதபோதுதான் கேமின் உண்மையான ஆட்ட அறிவு தெரியும். பந்து இல்லாத நான்கு பேர் என்ன செய்கிறார்கள்? ஒருவன் வளையத்தை நோக்கிப் பாய்ந்தால், மறுபக்கத்துத் தடுப்பாளன் ஒரு அடி உள்ளே வருகிறானா? ரிபவுண்டுக்கு, அதாவது விழாமல் திரும்புகிற பந்தைப் பிடிப்பதற்கு முன்னால், எதிராளியை முதுகால் மறிக்கிறார்களா? கடைசி நிமிடத்தில் மூன்று புள்ளி பின்தங்கிய அணி நேரத்தைப் பார்த்து பவுல் செய்கிறதா?

இந்தப் பதிப்பில் கால்கள் நன்றாக இருக்கின்றன. மனம் நிறைந்து சொல்கிறேன். 2கே24இல் இருந்து கேமைச் செய்கிறவர்கள் புரோபிளே என்ற தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துகிறார்கள். முன்பெல்லாம் உடம்பில் உணரி பூட்டிய ஆட்களை ஒரு கூடத்தில் ஓடவிட்டுத்தான் அசைவுகளைப் பிடிப்பார்கள். புரோபிளேயில் உண்மையான என்பிஏ போட்டிகளின் ஒளிப்பதிவில் இருந்தே வீரர்களின் அசைவை எடுக்கிறார்கள். இந்த முறை அதைக் கால் பதிகிற இடத்துக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். பழைய பதிப்புகளில் வீரர்கள் தரையில் வழுக்குவது போல நகர்வார்கள். திசை மாறும்போது பாதம் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் போகும். இப்போது நிற்பதற்கு முன் கால் ஊன்றுகிறது, பாரம் ஒரு காலில் இருந்து மற்றக் காலுக்கு மாறுகிறது. கில்ஜியஸ் அலெக்சாண்டர் மெதுவாக வந்து, தோளை அசைத்து, சடாரென்று வேகம் எடுத்து, பிறகு சட்டென்று நின்று நடுத்தூரத்தில் எறிகிற அந்த ஆட்டம் இருக்கிறதே, அதை நிறுத்தி நிறுத்திப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். நான் காட்டியிருக்கிறேன். பிக் அண்ட் ரோல் என்றால், ஒருவன் தன் கூட்டாளியின் தடுப்பாளனை உடம்பால் மறித்துத் திரை போட்டுவிட்டு வளையத்தை நோக்கி ஓடுவது. அதில் தடுப்பாளன் அந்தத் திரைக்கு மேலால் வருவதா கீழால் போவதா, ஆளை மாற்றிக்கொள்வதா என்பதைத் தற்காப்பு அமைப்பில் நாமே மாற்றலாம். கரும்பலகையில் கோடு போட்டு விளங்காத பிள்ளைக்கு இது விளங்குகிறது.

எனக்குப் பிடிக்காததும் இருக்கிறது. மூலையில் நிற்கிற எறியாளனைத் தடுப்பாளர்கள் அநியாயத்துக்கு மறந்துவிடுகிறார்கள். புள்ளி கொடுத்த பிறகு திரும்பி ஓடி வருவதில் சோம்பல் தெரிகிறது. இவை கடந்த பதிப்பிலும் இருந்தவை. அட்டை மாறுகிறது, அணிப் பட்டியல் மாறுகிறது, இந்தப் பழைய ஓட்டைகள் மட்டும் இடம் மாறாமல் இருக்கின்றன.

இதற்குக் காரணம் போட்டி இல்லாததுதான் என்பது என் உறுதியான எண்ணம். இந்தத் தொடர் 1999இல் சேகாவின் ட்ரீம்காஸ்ட் இயந்திரத்தில் தொடங்கியது. விஷுவல் கொன்செப்ட்ஸ் செய்தது. அட்டையில் அலன் ஐவர்சன். 2005இல் விஷுவல் கொன்செப்ட்ஸை டேக்-டூ நிறுவனம் வாங்கியது. அதன் 2கே பிரிவுதான் இந்த கேமை வெளியிடுகிறது. அந்தக் காலத்தில் ஈஏ நிறுவனத்தின் என்பிஏ லைவ் எதிரில் நின்றது. ஒருவரை ஒருவர் முந்த வேண்டும் என்று வருடா வருடம் புதிதாக ஏதாவது கொண்டுவந்தார்கள். 2010இல் ஈஏ தன் தொடரை என்பிஏ எலைட் 11 என்று பெயர் மாற்றி, ஆட்டத்தையும் மாற்றி, வெளியீட்டுக்குக் கிட்டவாகவே அதைக் கைவிட்டது. அதே வருடம் 2கே11 மைக்கல் ஜோர்தனைக் கொண்டுவந்து எல்லோரையும் இழுத்துக்கொண்டது. பிறகு லைவ் திரும்பி வந்தது. 2018இன் என்பிஏ லைவ் 19ஓடு அதுவும் நின்றது. அன்றில் இருந்து ஒரே கடைதான். ஒரே கடையில் சாமான் நன்றாக இருந்தாலும் விலையைக் கேட்க வழி கிடையாது.

விலை என்றதும் பெற்றோரின் கேள்விக்கு வருகிறேன். புது இயந்திரங்களுக்கு 69.99 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் 21,000 ரூபா. இது வாசல் கட்டணம் மட்டும்தான். உள்ளே வீசி (VC) என்று கேமுக்குள் மட்டும் செல்லுகிற ஒரு பணம் ஓடுகிறது. மைகரியர் பகுதியில் பிள்ளை தன் பெயரில் ஒரு வீரனை உருவாக்கும். அந்த வீரன் 60 என்ற தரத்தில் தொடங்குவான். இணையத்தில் எதிரே வருகிறவன் 90க்கு மேல் இருப்பான். தரத்தை உயர்த்த வீசி வேண்டும். போட்டி விளையாடியும் சேர்க்கலாம். அது மெதுவாகச் சேரும். காசு கொடுத்தால் உடனே கிடைக்கும். 75,000 வீசி 19.99 டொலர், நம் காசுக்கு ஏறக்குறைய 6,000 ரூபா. ஒரு வீரனைச் சரியாக வளர்க்க அது ஒன்று போதவே போதாது. அடுத்த செப்டெம்பரில் புதுப் பதிப்பு வந்தால், இந்த வருடம் வாங்கிய வீசி அங்கே செல்லாது. வீரனும் திரும்ப 60இல் இருந்துதான்.

வீரர்களின் அட்டைகளைச் சேர்த்து அணி கட்டுகிற மைடீம் பகுதியில் நிலைமை இன்னும் மோசம். உள்ளே எந்த வீரரின் அட்டை இருக்கிறது என்று தெரியாமலேயே பொதி வாங்க வேண்டும். 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு இப்படிப்பட்ட பொதிகளைச் சூதாட்டம் என்று தீர்மானித்தது. அங்கே காசு கொடுத்துப் பொதி வாங்குகிற வழியை 2கே நிறுத்த வேண்டி வந்தது. பெல்ஜியத்துப் பிள்ளைக்குக் கூடாதது திருகோணமலைப் பிள்ளைக்கும் கூடாது. 2கே18இல் வீரனின் தலைமயிரை வெட்டக்கூட வீசி கேட்டார்கள். 2020இல், காசு கொடுத்து வாங்கிய கேமில், போட்டி தொடங்குமுன் தாண்ட முடியாத விளம்பரத்தைப் போட்டு, எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டார்கள். ஆட்டத்தை இவ்வளவு அழகாகச் செய்கிற கைகள் இருக்கிற இடத்தில் இதுவும் நடக்கிறது என்பது எனக்கு உண்மையில் வேதனை.

அப்புறம் இணையம். தரவிறக்கமே நூறு ஜிபிக்கு மேல். ஃபைபர் இல்லாத வீட்டில் 4ஜி ரூட்டரை நம்பி இருந்தால், அந்த மாதத்து டேட்டா முழுக்க ஒரு கேமிலேயே போய்விடும். அதற்குப் பிறகு திருத்தங்கள் வேறு ஜிபி கணக்கில் வரும். இணையத்தில் விளையாடும்போது, பந்து கையை விட்டுப் போகிற நொடியைச் சரியாகப் பிடிக்க வேண்டும். நம்மிடம் இருந்து சேவையகம் இருக்கிற தூரத்துக்கு அந்த நொடி பிந்திப் போகும். வீட்டில் தனியாக விளையாடும்போது விழுகிற எறிதல் இணையத்தில் விழாது. பிள்ளை தன் கையில்தான் குறை என்று நினைத்துச் சோர்ந்துவிடுகிறது. தம்பி, உன் கையில் குறையே இல்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சேவையகங்கள் நிரந்தரமாக ஓடுவதில்லை. 2022 செப்டெம்பரில் வந்த 2கே23இன் சேவையகத்தை 2024 டிசம்பர் 31ஆம் திகதியோடு மூடினார்கள். மைடீமில் செலவழித்ததெல்லாம் அதோடு போய்விட்டது. ஆனால் அதே 2கே23இல் இருக்கிற மைஎன்பிஏ பகுதியை எடுங்கள். மஜிக் ஜோன்சனும் லெரி பேர்டும் மோதிய 1983, ஜோர்தனின் 1991, கோபியின் 2002 என்று காலத்தைத் தெரிவுசெய்து, அந்தக் காலத்து அணிகளோடும் விதிகளோடும் ஒரு கழகத்தை வருடக் கணக்கில் நடத்தலாம். பிறகு வந்த பதிப்புகளில் லெப்ரோனின் காலமும் ஸ்டெஃப் கரியின் காலமும் சேர்ந்தன. என் கணக்கில் இந்தத் தொடரிலேயே சிறந்த பகுதி இதுதான். வீசியும் பொதியும் இல்லாமல் ரசிக்கலாம். கூடைப்பந்தின் வரலாற்றை விளையாடிக்கொண்டே படிக்கலாம்.

சரி, வாங்கலாமா? பிளேஸ்டேஷன் 4 வைத்திருக்கிற வீட்டுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பெயரும் அட்டையும் ஒன்றுதான். உள்ளே இருக்கிற கேம் வேறு. நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த கால்களும், அந்தக் காலப் பகுதிகளும் பழைய இயந்திரத்தில் கிடையாது. கணினியிலும் 2கே24 வரைக்கும் பழைய வடிவத்தைத்தான் கொடுத்தார்கள். 2கே25இல்தான் அது மாறியது. பிளேஸ்டேஷன் 5 இருந்து, 2கே25உம் இருந்தால், பொறுங்கள். சில மாதங்களில் விலை பாதிக்கும் கீழே இறங்குவது ஒவ்வொரு வருடமும் நடப்பது. 2கே25ஐ 2025 ஜூனில் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாதாரர்களுக்கு மேலதிகக் கட்டணம் இல்லாமலே கொடுத்தார்கள். மூன்று நான்கு வருடத்துப் பழைய பதிப்போடு இருக்கிறவர்கள் தாராளமாக இதை வாங்கலாம், வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே தெரியும். வாங்குகிற பெற்றோர் வங்கி அட்டை விபரத்தை இயந்திரத்தில் பதிந்து வைக்காதீர்கள். செலவு எல்லையைப் பூச்சியமாக வையுங்கள், அதற்கு அமைப்பு இருக்கிறது.

முடிக்கும் முன் பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த முறை பெண்கள் பதிப்பின் அட்டையில் ஏஞ்சல் ரீஸ் இருக்கிறார். அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறைத் தொடரான டபிள்யூஎன்பிஏயின் அணிகள் இந்த கேம் தொடருக்குள் வந்தது 2கே20இல். மைடீமில் வீராங்கனைகளும் வீரர்களும் ஒரே அணியில் சேர்ந்து ஆடுவது இதுவே முதல் தடவை. இங்கே பெண்பிள்ளைகள் வலைப்பந்தில் இருந்து கூடைப்பந்துக்கு வரும்போது, முதல் நாள் டிரிபிள் செய்யவே தயங்குவார்கள். வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாதே. அப்படித் தயங்குகிற பிள்ளைக்கு டபிள்யூஎன்பிஏ வீராங்கனை ஏஜா வில்சன் உள்ளே புகுந்து திரும்பி எறிவதைத் திரையில் காட்டினால், அந்த அசைவைத் தானே செய்து பார்க்க எழும்புகிறாள். ஆனால் ஒரு வீராங்கனையை உருவாக்கி வளர்க்கிற பகுதியில், ஆண்களின் பகுதிக்குக் கொடுத்த உழைப்பில் பாதிகூட எனக்குத் தெரியவில்லை. கதை மெலிவு, விளையாடக் கூட்டாளிகள் குறைவு. அடுத்த செப்டெம்பரில் புதுப் பதிப்பு வந்ததும் நான் முதலில் திறந்து பார்க்கப்போவது அந்தப் பகுதியைத்தான். அது திருந்தியிருந்தால் இதே இடத்துக்கு வந்து சொல்கிறேன். நன்றி, வணக்கம்.