பின் அறைக்கு எட்டாத வைஃபை

நேயர்களுக்கு வணக்கம். திருநெல்வேலியில் 15 ஆண்டுகளாக லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. “முன்னறையில் நெட் நன்றாக வருகிறது, பின்னால் போய் உட்கார்ந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. லேப்டாப்பை மாற்றிவிடலாமா?” என்பார்கள். கேட்க வருவதற்குள் சிலர் அதிக வேகத் திட்டத்துக்கும் மாறியிருப்பார்கள். மாதாமாதம் கூடுதல் பணம் போகும், பின் அறை மட்டும் அப்படியே இருக்கும். அந்தப் பணம் வீணாவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். அதனால்தான் வானொலியில் இதைப் பற்றிப் பேச வாய்ப்பு வந்ததும் உடனே சரி என்றேன்.

வானொலி கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். வைஃபையும் வானொலிதான். சென்னை வானொலியின் மத்திய அலை 720 கிலோஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் 400 மீட்டருக்கும் மேல். நம் வீட்டுச் சுவரெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் 12 சென்டிமீட்டர், அரைச் சாண்தான். 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் அதிலும் பாதி. ஒரு செங்கல் சுவரைத் தாண்டினாலே இளைத்துப்போகும். இரும்பைக் கண்டால் திரும்பிவிடும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. வானொலிப் பெட்டி கேட்டால் போதும். லேப்டாப் பதிலும் சொல்ல வேண்டும். வைஃபை அனுப்பும் பெட்டியான ரவுட்டர் எவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டாலும், லேப்டாப்பின் மெல்லிய குரல் திரும்பிப் போய்ச் சேராவிட்டால் பேச்சு நடக்காது. ஆன்டெனா பெரிதாக இருக்கிறதே என்று விலை உயர்ந்த ரவுட்டர் வாங்கியும் சிலருக்குப் பலன் இல்லாமல் போவது இதனால்தான்.

என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊரின் பழைய வீடு. திண்ணை, பட்டாசல் என்னும் முன்கூடம், அரங்கு என்னும் சாமான் அறை, ரெண்டாங்கட்டு என்னும் பின் அறை, அடுக்களை என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். இணைப்பு கொடுக்க வந்தவர் கேபிள் நுழையும் இடத்திலேயே, வாசலை ஒட்டி, டிவிக்குப் பின்னால் ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விட்டார். அக்கா மகள் படிப்பது ரெண்டாங்கட்டில். நடுவில் அரங்கு. ஒன்றரை அடிச் சுவர், உள்ளே ஸ்டீல் பீரோ, பரணில் பித்தளை அண்டாக்கள். 2020-இல் ஆன்லைன் வகுப்பு தொடங்கியதும் அந்தப் பிள்ளை தெருத் திண்ணையில் உட்கார்ந்து பாடம் கேட்டாள். வெயிலிலும் கொசுக்கடியிலும் அவள் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

முதலில் லேப்டாப்பை ரவுட்டர் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தேன். வேகம் முழுதாக வந்தது. ஆக, இணைப்பிலும் குறை இல்லை, லேப்டாப்பிலும் இல்லை, குறை வழியில்தான். உங்கள் வீட்டிலும் இதை முதலில் செய்யுங்கள். பக்கத்தில் வைத்தும் வேகம் வராவிட்டால் அதே இடத்தில் போனில் பாருங்கள். போனிலும் வராவிட்டால் இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

அப்புறம் போனில் சிக்னல் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு அறை அறையாக நடந்தேன். அது மைனஸ் குறியோடு டெசிபல் கணக்கில் ஓர் எண் காட்டும். 50 என்றால் அருமை. 67 வரை வீடியோ வகுப்பு தடங்கல் இல்லாமல் நடக்கும். 80-ஐத் தாண்டினால் நிற்காது. 50-க்கும் 80-க்கும் வித்தியாசம் கொஞ்சம்தானே என்று தோன்றும், ஆனால் சிக்னலின் வலு ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். பட்டாசலில் 48 இருந்தது, அரங்கைத் தாண்டியதும் 83.

ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து, பட்டாசலின் மறுபக்கம் ஆள் உயரத்தில், அரங்குக்கு வெளியே போகும் நடைபாதைக்கு நேராக மாட்டினோம். சுவரைச் சாய்வாகக் கடக்கும் அலைக்கு அந்தச் சுவர் இன்னும் தடிமனாகிவிடும். அதனால் கதவும் நடையும் இருக்கும் நேர்கோடாகப் பார்த்து வைக்க வேண்டும். ரெண்டாங்கட்டில் எண் 71 ஆனது. ஒரு ரூபாய் செலவில்லை.

ஆன்டெனா விஷயத்தில் பலர் தவறு செய்கிறார்கள். சிக்னல் வேண்டிய பக்கம் அதன் நுனியை நீட்டி வைக்கிறார்கள். நுனி பார்க்கும் திசையில்தான் அது மிகவும் குறைவு. குச்சியைச் சுற்றி வடை மாதிரி பரவும் அலை அது. ஒரே தளத்துக்கு நேராக நிமிர்த்தி வையுங்கள். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்க வையுங்கள்.

அக்கம்பக்கத்து நெரிசலும் ஒரு காரணம். ஒரு காலத்தில் வானொலிப் பெட்டிக்கே லைசென்ஸ் வாங்கினோம். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு நம் நாட்டில் 2005 முதல் உரிமம் தேவையில்லை. நல்லதுதான், ஆனால் அடுக்குமாடியில் 20 ரவுட்டர்கள் அதே இடத்தில் பேசுகின்றன. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான். ரவுட்டர் அமைப்பில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள், இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதாது. ஒரே அறையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் போதும்.

லேப்டாப்பிலேயே கோளாறு இருப்பதும் உண்டு. பெரும்பாலான லேப்டாப்களில் ஆன்டெனா திரையின் ஓரத்தில் ஒளிந்திருக்கும். அங்கிருந்து மெல்லிய கம்பிகள் கீல் வழியாக இறங்கி வைஃபை கார்டில் மாட்டும். திரையோ கீலோ மாற்றிய பிறகு சிக்னல் குறைந்தால், கம்பி நசுங்கியிருக்கலாம், மாட்டாமலே விட்டிருக்கலாம். எங்கள் தொழிலில் நடக்கிற தவறு இது. தயங்காமல் அதே கடையில் போய்க் கேளுங்கள். பேட்டரியில் ஓடும்போது மட்டும் தடுமாறினால் மின்சேமிப்பு அமைப்பைப் பாருங்கள். பக்கத்தில் செருகிய யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும், அதைக் கழற்றிப் பாருங்கள். கார்டே பழசு என்றால் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கி, ஒரு மீட்டர் நீட்டிப்பு வயரில் மாட்டி, ஜன்னல் மேலோ அலமாரி மேலோ வைக்கலாம். வானொலிப் பெட்டியை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்ப்போமே, அதே வேலைதான்.

சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் பெட்டி வாங்குகிறவர்கள் அதைச் சிக்னல் செத்துப்போன அறையில் வைக்காதீர்கள். பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வையுங்கள். அது கேட்டதைத்தான் திருப்பிச் சொல்லும். ஒரே அலையில் கேட்டுச் சொல்வதானால் வேகமும் பாதியாகும்.

அக்கா வீட்டில் 71 போதாமல் மழை நாளில் ஒரு வகுப்பு அறுந்தது. கடைசியில் முதல் ரவுட்டரிலிருந்து பரண் வழியாக, நெட் கொண்டுபோகும் லேன் கேபிள் 20 மீட்டர் இழுத்து, கடையில் சும்மா கிடந்த பழைய ரவுட்டர் ஒன்றை ரெண்டாங்கட்டில் வைத்தேன். இப்போது அடுக்களையில் அக்காவும் வானொலியைப் போனில் கேட்கிறாள். இந்த உரையையும் அங்கிருந்துதான் கேட்டுக்கொண்டிருப்பாள். வணக்கம்.