துண்டுக்கு என்ன பிராண்டுங்க?

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். எதிரணிக்கும் வணக்கம். தை மாசக் குளிர்ல காதை மூடிக்கிட்டு உக்காந்திருக்கற திருப்பூர் சனங்களுக்குப் பெரிய வணக்கம். காதை மட்டும் கொஞ்சம் தொறந்து வெச்சுக்கோங்க, அது போதும்.

தலைப்பு உங்களுக்கே தெரியும். "அன்றாட உடுப்பிலும் செருப்பிலும் பெண்களுக்கு நிறைவு தருவது பேர் வாங்கின பிராண்டா, பேரில்லாத பஜாரா?" நான் பிராண்டு பக்கம். ஏன் இந்தப் பக்கம்னு கேக்காதீங்க. நடுவர் ஐயா சீட்டுக் குலுக்கினாரு, எனக்கு இது வந்துச்சு. அது வந்திருந்தா அதுக்கும் இதே தொண்டையிலதான் பேசியிருப்பேன்.

ஆனா எனக்கு முன்னால பேசின அண்ணன் ஒரு கேள்வி கேட்டுட்டு உக்காந்தாரு பாருங்க, அதுக்கப்பறம் இது சீட்டுக் குலுக்கின விசயம் இல்லீங்க. சொந்த விசயம் ஆயிருச்சு. என்ன கேட்டாரு? "எங்க வீட்டம்மா காலைல அஞ்சு மணிக்கு நைட்டியோட எந்திரிக்கறா. ராத்திரி பத்து மணிக்கு அதே நைட்டியோட படுக்கறா. வாசல்ல ஆள் வந்தா மேல ஒரு துண்டு. இதுல பிராண்டு எங்கீங்க இருக்குது? துண்டுக்கு என்ன பிராண்டு?" நீங்க எல்லாம் சிரிச்சீங்க. முன்வரிசையில ஒரு அக்கா துண்டைச் சரி பண்ணிக்கிட்டே சிரிச்சாங்க, நான் பாத்தேன்.

அண்ணா, அந்தத் துண்டு யாரு துண்டுங்க? உங்க துண்டு! நீங்க எழுந்து நின்னு சபைக்குச் சொல்லுங்க, அதுல பேர் போட்டிருக்குதா இல்லியா? இப்ப நீங்க கட்டியிருக்கற வேட்டி, கரையைப் பாத்தாலே சொல்லிருவேன், ராம்ராஜ். போட்டிருக்கற பனியன் பூமெக்ஸா இருக்கும். உள்ள போயி நான் பாக்கலீங்க, ஊர்ப் பற்றுல சொல்றேன். ஆம்பளைங்க கடைக்குப் போனா எப்படிக் கேக்கறாங்க? "தொண்ணூறு சைஸ், கை வெச்சது, ரெண்டு." கம்பெனிப் பேரு, சென்டிமீட்டரு, எல்லாம் நாக்கு நுனியில இருக்குது. எலாஸ்டிக்ல கொட்டை எழுத்துல பேரு போட்டு, அது வெளிய தெரியற மாதிரி பேண்ட்டை எறக்கிப் போடற காலம் இது. உள்ள போடற உங்களுக்குப் பேரும் நம்பரும் வேணும். வெளிய போடற எங்க நைட்டிக்கு என்ன போட்டிருக்குது? ஃப்ரீ சைஸ்!

ஃப்ரீ சைஸுன்னா என்னங்க? யாரையும் அளக்கலைன்னு அர்த்தம். எனக்கும் அதே, எங்க மாமியாருக்கும் அதே, மழை வந்தா ஸ்கூட்டருக்கும் அதே.

அந்த நைட்டிக் கதையைச் சொல்லீர்றேன். போன வருசம் ஒரு பேரில்லாக் கடையில, கட்டி வெச்ச கயித்துல தொங்குச்சு, நல்ல செவப்பு. நூத்தம்பது ரூபா. "சாயம் போகுமாங்க?"ன்னு கேட்டேன். "திருப்பூர்ல வந்து சாயம் போகுமான்னு கேக்கறீங்களே அக்கா"ன்னு கடைக்காரத் தம்பி வருத்தப்பட்டாரு. ஊர் பூரா சாயப்பட்டறை, நியாயம்தானேன்னு வாங்கிட்டு வந்தேன். ராத்திரி ஊற வெச்சேன். அதே வாளியில எங்க வீட்டுக்காரரு, பாவம், உதவி பண்றேன்னு அவரோட வெள்ளை வேட்டியையும் போட்டுட்டாரு.

காலைல நாலரை மணி முகூர்த்தம். கரண்டு இல்ல. அயர்ன் பண்ணாம அப்படியே கட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு. மண்டபத்துக்குள்ள போனா டியூப் லைட் வெளிச்சம். வாசல்ல சந்தனம் குடுக்கற பெரியவரு மேலயும் கீழயும் பாத்துட்டு, "வாங்க தோழரே"ங்கறாரு. இவருக்கு ஒண்ணும் புரியல. பந்தியில எல பக்கத்துல இருக்கறவரு காதுக்கிட்ட வந்து, "எந்த மாவட்டக் குழுங்க?" போட்டோ எடுக்கறப்ப மாப்பிள்ளையோட மாமா, "அய்யா, கல்யாணத்துல அரசியல் வேண்டாமுங்க"ன்னு கையெடுத்துக் கும்பிடறாரு. அப்பத்தான் குனிஞ்சு பாத்தாரு.

பின்வரிசைக்குக் கேக்கலைன்னு ஒருத்தர் கை காட்டறாரு. அய்யா, இன்னொருக்கா சொல்றேன், எனக்கென்ன வலிக்குதா? நூத்தம்பது ரூபா நைட்டி, எந்தக் கட்சியிலயும் இல்லாத மனுசனை ஒரே ராத்திரியில தோழர் ஆக்கிருச்சு! ஆறு மாசம் ஆச்சு, வேட்டி இன்னும் வெள்ளைக்குத் திரும்பல. அவரு இப்பக் கொள்கையை மாத்திக்கலாமான்னு யோசிச்சிட்டு இருக்காரு.

இதே நைட்டிக்குத்தான், எங்க அத்தை காலத்துல, சென்னைக்குப் போற ஒறம்பரைகிட்டப் பணத்தைக் குடுத்து விடுவாங்க. "பாண்டி பஜார்ல நாயுடு ஹால்ல ரெண்டு." 1939லருந்து இருக்கற கடை. மத்த எதுவும் சொல்ல மாட்டாங்க, கலர்கூடச் சொல்ல மாட்டாங்க. கடைப் பேரு ஒண்ணு போதும். அந்த நைட்டி கிழிஞ்சு கரித்துணி ஆன பொறகும் சாயம் அப்படியே இருந்துச்சு. அண்ணா, நைட்டியில பிராண்டு எங்க இருக்குன்னு கேட்டீங்கல்ல, எங்க அத்தை வீட்டு அடுப்படியில இருக்குது, வந்து பாருங்க.

எதிரணியில அந்தத் தங்கச்சி, நம்ம ஊரு துணி பஜார் காதர்பேட்டையைப் பத்திப் பேசினா. "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், கப்பல் ஏறாம மிஞ்சுன அதே துணி, லேபிளை வெட்டிட்டாப் பாதி விலை." சரி கண்ணு. ஆனா காதர்பேட்டைல கடைக்காரரு எப்படி விக்கறாரு? சுத்தி முத்தி பாத்துட்டு, குரலைக் கொறச்சு, "இது யாருக்குத் தெச்சது தெரியுமுங்களா?"ன்னு வெளிநாட்டுப் பேரு ஒண்ணைக் காதுல சொல்லுவாரு. நீயும் அந்த வெட்டுன லேபிளோட மிச்ச நூலைத் தடவிப் பாத்துட்டுத்தான் காசை எடுக்கற. பேரை வெட்டுன துணியும் பேருக்குத்தானே விக்குது?

நடுவர் ஐயா மணியத் தொடறாரு. வாதம் எங்கன்னு கேக்கறாரு. இந்தாங்க, வாதம், ஒரே மூச்சுல. லெக்கின்ஸ்க்கு எங்கயும் போகோண்டாம், பிரிஸ்மா, ட்வின் பேர்ட்ஸ் ரெண்டும் நம்ம ஊரு. போன வருசம் வாங்குன அதே பச்சை, அதே அளவு, இந்த வருசமும் கெடைக்கும். குர்த்திக்கு பீபா. 1980கள்ல மும்பையில ஒரு கடற்படை அதிகாரி வீட்டம்மா, மீனா பிந்த்ரா, பேங்க்ல 8,000 ரூபா கடன் வாங்கி வீட்லயே ஆரம்பிச்சது. பஞ்சாபியில பொண்ணைச் செல்லமாக் கூப்பிடற வார்த்தைதான் அந்தப் பேரு, நம்ம 'அம்மணி' மாதிரி. குர்த்தியில பாக்கெட் வெக்க மாட்டேங்கறாங்களே, அந்தக் குத்தம் எல்லாக் கம்பெனிக்கும் உண்டு, அதை இன்னொரு பட்டிமன்றத்துல வெச்சுக்கலாம். செருப்புக்கு பாட்டா. நம்ம நாட்டுக் கம்பெனின்னு பாதிப்பேரு சத்தியம் பண்ணுவீங்க. 1894ல இப்ப செக் நாடா இருக்கற எடத்துல, ஸ்லீன்னு ஒரு ஊர்ல ஆரம்பிச்சாங்க. 1930கள்லதான் கல்கத்தா பக்கத்துல கொன்னகர்ல கடை விரிச்சாங்க. முழு ரூபாய்க்கு அஞ்சு பைசா கொறச்சுப் போடற 'பாட்டா வெலை'யை நமக்குச் சொல்லிக்குடுத்தவங்க.

வாதம் முடிஞ்சுது. எந்தக் கம்பெனிக்காரரும் எனக்கு ஒரு கர்ச்சீப்கூடக் குடுக்கலீங்க, அதையும் பதிவு பண்ணிக்கோங்க.

பாட்டான்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. ஐயா, ரெண்டு நிமிசம் குடுங்க.

எங்கம்மா பனியன் கம்பெனியில செக்கிங். இருபத்திரண்டு வருசம். இந்தச் சபையில பாதிப் பேருக்கு நான் வெளக்கோண்டாம். டேபிள் மேல லைட்டு, கையில பிசிறு வெட்டற கத்திரி, காலைல எட்டரைக்கு நின்னா ஒன்றரை ஷிப்ட் முடியற வரைக்கும் நிக்கோணும். எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனா லேபிள் தலைகீழாத் தெச்சிருந்தா, தூரத்துலருந்தே கண்டுபிடிச்சிரும். எழுத்தைப் படிக்காது, கோலம் மாதிரி பாத்து வெச்சிருக்கும். "இது ரெண்டு வளைவு, ஒரு குச்சி. குச்சி கடைசியில வரோணும்." அப்படி எத்தனை ஆயிரம் லேபிளு எங்கம்மா கையைத் தாண்டிக் கப்பல் ஏறிருக்கும்! அந்தம்மா கடைக்குப் போனா என்ன கேக்கும்? "ஏதோ ஒண்ணு குடுங்க." அம்புட்டுத்தான்.

2021ல நம்ம சட்டசபையில ஒரு சட்டத்திருத்தம் கொண்டாந்தாங்க, ஞாபகம் இருக்குதுங்களா? கடையில வேலை செய்யறவங்களுக்கு உக்கார எடம் தரோணும்னு. ஜவுளிக்கடைப் புள்ளைங்க நாள் பூரா நின்னுக்கிட்டே நமக்குச் சேலை விரிச்சுக் காட்டுனாங்களே, அவங்களுக்காக. அந்தச் செய்தி டிவியில வந்தப்ப எங்கம்மா ஒண்ணும் பேசல. கால் ரெண்டையும் ஸ்டூல் மேல தூக்கி வெச்சுக்கிச்சு.

எனக்கு டீச்சர் வேலை கெடைச்சு மொதச் சம்பளம் வாங்குனப்ப, அம்மாவைப் பாட்டா கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியவே செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, கோயிலுக்குள்ள வர்ற மாதிரி வெறுங்காலோட வந்துச்சு. உள்ள ஒரு புள்ள, "என்ன சைஸும்மா?" "ஏழு கண்ணு." அந்தப் புள்ள காலைப் பாத்துட்டு, "இல்லியேம்மா, வாங்க"ன்னு ஸ்டூல்ல உக்கார வெச்சு, இரும்புல கால் அளக்கற பலகை வெச்சிருப்பாங்களே, அதைக் கீழ வெச்சுச்சு. அம்மா காலை வெடுக்குன்னு இழுத்துக்கிச்சு. "நீ எதுக்கு சாமி என் காலைத் தொடற?" அது சிரிச்சுக்கிட்டே குதிகாலைப் பலகையில பொருத்தி, வெரலுக்கிட்டக் கட்டையைத் தள்ளுச்சு.

அஞ்சு.

எங்கம்மா நம்பல. மறுபடி அளக்கச் சொல்லுச்சு. அப்பவும் அஞ்சுதான்.

ஏழு யாரு சைஸு தெரியுமுங்களா? எங்கப்பா சைஸு. நான் பொறந்த புதுசுல வீட்ல ஒரே ஒரு ஜோடிதான். அவரு நைட் ஷிப்ட், அம்மா பகல் ஷிப்ட். அவரு வந்து கழட்டுனா இது மாட்டிக்கிட்டுப் போகும். அப்பறம் சனிக்கிழமை சம்பளத்துல தனி ஜோடி வாங்கற அளவுக்கு ஆனப்பவும், குவிச்சு வெச்ச செருப்புல ஏழாம் நம்பரைத்தான் எடுத்துச்சு, பழகிருச்சு. ரெண்டு நம்பர் பெரிய செருப்பு கழண்டு போகாம இருக்க, கால் வெரலை மடக்கிப் புடிச்சுக்கிட்டே நடந்திருக்குது, அத்தனை வருசமும். எங்கம்மா தெருவுல வந்தா 'டப்பு டப்பு'ன்னு சத்தம் கேக்கும். நானும் தம்பியும் அதைக் கேட்டுத்தான் டிவியை அணைச்சுட்டுப் புஸ்தகத்தை எடுப்போம். எல்லா அம்மாவும் அப்படித்தான் நடப்பாங்கன்னு நெனச்சிருந்தேன்.

அஞ்சாம் நம்பர் செருப்பைப் போட்டுக்கிட்டு அன்னிக்கு வீட்டுக்கு வந்தோம். நான் முன்னால, அம்மா பின்னால. பாதித் தூரம் போனதும் திடுக்குன்னு நின்னுட்டேன். அம்மாவைக் காணோம்னு நெனச்சுட்டேங்க. சத்தமே இல்ல. திரும்பிப் பாத்தா, ரெண்டடி தள்ளி, தரையைப் பாத்துக்கிட்டே, மெதுவா வருது.

போன மாசம் அது பிஞ்சு போச்சு. நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன். தானே கடைக்குப் போயி, தானே கேட்டுச்சாமா, "பாட்டா, அஞ்சு."

இப்ப இங்கதான் இருக்குது. மூணாவது வரிசை, தூணுக்குப் பக்கத்துல, மடியில மஞ்சப்பையை வெச்சுக்கிட்டு. அந்தப் பையில என்ன இருக்குன்னு நடுவர் ஐயா கேக்கலாம். செருப்புத்தானுங்க. வெளிய விட்டா எவனாச்சும் மாத்திப் போட்டுட்டுப் போயிருவானாம்.

வணக்கமுங்க.