சந்தையா? காடுகரையா?: காடுகரை அணியின் பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம். எனக்கு நேரம் குறைவு. எதிரணி நண்பர் அதையும் சேர்த்துத் தின்னுட்டுப் போயிட்டார்.

"சாப்பாட்டுக்கு ருசி சந்தையிலா, காடுகரையிலா?" இதுதான் தலைப்பு. அதுக்கு அவர் சொன்ன பதில்: "வாங்க வக்கில்லாதவன் வேலியில பறிப்பான். ஆடு மேயுறதை மனுஷன் மேயலாமா?" நீங்களும் கை தட்டுனீங்க. எதிரணி ஐயா, ஞாயித்துக்கிழமை அதே ஆட்டுக்கறிக்கு வரிசையில நிக்கிறவர்தானே நீங்க? அது மேஞ்ச தழையும் சேர்ந்துதானே உள்ள போகுது?

பட்டணத்து மாப்பிள்ளை ஒருத்தர் தலை ஆடிக்கு மாமியார் வீடு வந்தார். வேலியில பிரண்டையைப் பார்த்ததும் ஆசை. "அத்தை, இன்னைக்குத் துவையல் என் கையால!" வெறுங்கையால உரிச்சார். கை அரிச்சது. அந்தக் கையால மூக்கைத் தொட்டார். மூக்கும் அரிச்சது. மாமனார் எட்டிப் பார்த்து, "என்ன மாப்ளே, பரதநாட்டியமா?" மனுஷன் விடலையே! ரெண்டே கிளறு கிளறி அரைச்சு, "மாமா, முதல் உருண்டை உங்களுக்கு!" இப்ப ஆடுறது ரெண்டு பேர். சத்தம் கேட்டு ஓடி வந்த அத்தை, "அப்படி என்னதான் இருக்கு இதுல?"ன்னு விரலால தொட்டு நாக்குல வச்சாங்க. மூணு பேர்!

தப்பு பிரண்டை மேல இல்லை. அதுக்குள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியா இருக்கு, குத்துறது அதுதான். கையில நல்லெண்ணெய் தடவணும். நுனியில நாலஞ்சு கணு மட்டும் போதும். ஒடிச்சா பட்டுன்னு ஒடியணும், நார் இழுத்தா முத்தல். கணு முடிச்சை வெட்டிப் போட்டு, நாலு ஓரத்து நாரையும் உரிக்கணும். ஒரு கைப்பிடிக்கு 2 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, பச்சை போய்ப் பழுப்பேறும் வரை, 10 நிமிஷமாவது வதக்கணும். உளுந்து, வரமிளகாயோட நெல்லிக்காயளவு புளி கட்டாயம். அரிப்பை அடக்குறதுல புளிக்கும் பங்கு உண்டு. ரெண்டு கிளறுல இறக்குனா, பரதநாட்டியம்தான்!

"காளான் ஆளைக் கொல்லுமே?"ன்னார் எதிரணி நண்பர். கொல்லும். அதனாலதான் தெரிஞ்சவங்க கையால பறிக்கணும்கிறோம். மஞ்சள் போட்டுப் பார்க்கிறது, வெள்ளிக் கரண்டி கறுக்குதான்னு பார்க்கிறது எல்லாம் சுத்தப் பொய். சில விஷம் வேக வச்சாலும் போகாது. 6 மணி நேரம் கழிச்சுத்தான் வாந்தியே வரும், அதுக்குள்ள ஈரலைத் தொட்டிருக்கும். நாம தின்கிற புற்றுக்காளானுக்குக் காம்பு புத்துக்குள்ள கரையான் வளர்க்கிற பூஞ்சை வரைக்கும் வேர் மாதிரி இறங்கும். அதை மட்டும் பார்த்து நம்பிடவும் கூடாது: குடையை வெள்ளைத் தாள்ல கவுத்து, கிண்ணம் மூடி ராத்திரி வைங்க. பச்சைப் பொடி விழுந்தா அது வயித்தைக் கலக்குற புல்வெளிக் காளான். புற்றுக்காளானுக்கு விழுற மாதிரி இளஞ்சிவப்பா விழுந்தாலும், பழகுன கண்ணு ஒண்ணு பார்த்துச் சொல்லாம அடுப்புல ஏத்தாதீங்க. அந்தப் புற்றுக்காளானைப் பண்ணையில வளர்த்து விக்க முடியலையே உங்க சந்தையால!

"வக்கில்லாதவன்"னீங்களே நண்பரே, சிறுபாணாற்றுப்படைங்கிற சங்கப் பாட்டுல பசியில வாடுற ஒரு பொண்ணு வர்றா. குப்பையில முளைச்ச வேளைக்கீரையை நகத்தால கிள்ளி, உப்பில்லாம வேகவச்சு, பார்க்கிறவங்க பழிப்பாங்களேன்னு கதவைச் சாத்துறா. சாத்திட்டுத் தனியாவா தின்னா? மொத்தச் சுற்றத்தையும் உட்கார வச்சுத் தின்னா! அவ கதவைச் சாத்துனது உங்களை மாதிரி நாலு பேர் வாசல்ல நின்னதாலதான் ஐயா! நடுவர் அவர்களே, மணி அடிச்சிட்டீங்க, உட்கார்ந்துடுறேன். உப்புக்கு வழியில்லாத வீட்டுல ஒருத்தரையும் விடாம இலையில உட்கார வச்சாளே, அவ பக்கம் தீர்ப்புச் சொல்லுங்க. வணக்கம்!