எந்தப் பறவை உங்கள் வீட்டுக்குப் பொருந்தும்? வாங்கும் முன் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

[திரையில்: பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. வரிசையாகக் கூண்டுகள், உள்ளே பச்சை, மஞ்சள், நீல நிறங்களில் பறவைகள்.]

சென்னை பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் பழைய டிவி முதல் பூச்செடி வரை எல்லாம் கிடைக்கும். குழந்தைகள் நகர மறுக்கும் இடம் பறவைக் கூண்டுகள் இருக்கும் பக்கம்தான். "அப்பா, அந்த மஞ்சள் குருவி வேணும்" என்று கை நீட்டுவார்கள். நாமும் நிறத்தைப் பார்ப்போம், விலை கேட்போம், கொஞ்சம் பேரம் பேசி வாங்கிவிடுவோம்.

கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை மட்டும் கேட்பதே இல்லை. இந்தப் பறவை எத்தனை வருஷம் வாழும்? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அதற்கு நம் துணை வேண்டும்? இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பறவையாகப் பார்க்கலாம்.

முதலில், வளர்க்கக் கூடாத பறவையிலிருந்து தொடங்குகிறேன். நம்மில் பலருக்கு அதுதான் முதல் ஆசை.

[திரையில்: அரசமரப் பொந்திலிருந்து எட்டிப் பார்க்கும் பச்சைக்கிளி.]

மதுரை மீனாட்சியின் கையில் கிளி இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கைக்குத் தினமும் புதிதாக இலைகளால் கிளி செய்து வைக்கிறார்கள். அவ்வளவு நெருக்கமான பறவை என்பதால், ஒரு கிளியைக் கூண்டில் வைத்திருப்பது தப்பு என்றே நமக்குத் தோன்றுவதில்லை. ஆனால் நம் ஊர்ப் பச்சைக்கிளி காட்டுப் பறவை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைப் பிடிப்பது, விற்பது, வாங்குவது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். சிறைத் தண்டனை வரை போகலாம். கிளி ஜோசியத்துக்கு வைத்திருந்தாலும் இதே சட்டம்தான். மலை மைனாவுக்கும், சந்தைகளில் சாயம் பூசி விற்கப்படும் சில்லைக் குருவிகளுக்கும் இது பொருந்தும்.

சட்டத்தை விடுங்கள், அந்தக் குஞ்சு சந்தைக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். கிளி தானாகக் கூடு கட்டாது. மரப் பொந்தோ சுவர்ப் பொந்தோ கிடைத்தால்தான் முட்டையிடும். குஞ்சு எடுப்பவர்கள் பொந்தை வெட்டிப் பெரிதாக்கிக் கையை விடுகிறார்கள். அந்தப் பொந்து அடுத்த வருஷம் எந்தக் கிளிக்கும் உதவாமல் போகிறது. சிறகு முளைக்காத குஞ்சுகள் பையில் அடைபட்டுப் பயணம் செய்கின்றன. வழியிலேயே பல செத்துவிடுகின்றன. நாம் காசு கொடுத்து வாங்குவது பிழைத்து வந்த ஒன்றை. அடுத்த முறை பொந்தில் கை விடுவதற்கான கூலியும் அந்தக் காசிலேயே இருக்கிறது.

ஏற்கெனவே உங்கள் வீட்டில் பச்சைக்கிளி இருந்தால், தயவுசெய்து கூண்டைத் திறந்து பறக்க விட்டுவிடாதீர்கள். கையால் ஊட்டி வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. காக்கைகளிடம் சிக்கிவிடும். பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைப்பதுதான் சரியான வழி.

சரி, வளர்க்கக் கூடிய பறவைகளுக்கு வருவோம்.

[திரையில்: மண்பானையின் ஓட்டையிலிருந்து தலை நீட்டும் பட்ஜி.]

தமிழ்நாட்டில் அதிகமாக வளர்க்கப்படும் கூண்டுப் பறவை இதுவாகத்தான் இருக்கும். கடையில் லவ் பேர்ட்ஸ் என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். உண்மையில் இது பட்ஜி என்கிற பட்ஜெரிகர். ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில், தண்ணீரும் புல் விதையும் தேடிப் பெருங்கூட்டமாகப் பறந்து திரியும் சிறு கிளி. 1840-இல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் இதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். காட்டில் இது பச்சையும் மஞ்சளுமாக மட்டுமே இருக்கும். நீலம், வெள்ளை, சாம்பல் எல்லாம் கூண்டில் தலைமுறை தலைமுறையாக வளர்த்ததில் வந்த நிறங்கள்.

எடை 30 முதல் 40 கிராம். நன்றாகக் கவனித்தால் 7, 8 வருஷம் வாழும். முதல்முறை வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். தனியாக வேண்டாம், ஜோடியாக வாங்குங்கள். கூட்டத்தில் வாழப் பிறந்த பறவை இது. நீங்கள் காலையில் கிளம்பி இரவு வருபவராக இருந்தால், தனிப் பட்ஜிக்கு அந்தப் பகல் முழுவதும் தனிமைதான்.

வாங்கும்போது அலகுக்கு மேலே மூக்குத் துவாரம் இருக்கும் சதைப்பகுதியைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு அது நீலமாகவும், பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருக்கும். சில நிற வகைகளில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். நெற்றியில் கறுப்புக் கோடுகள் மூக்கு வரை இறங்கியிருந்தால் அது இளம் பறவை. மூன்று நான்கு மாதத்தில் முதல் இறகு உதிர்ந்ததும் நெற்றிக் கோடுகள் மறைந்துவிடும். கைக்குப் பழக வேண்டும் என்று நினைப்பவர்கள் கோடு மறையாத பறவையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கூண்டு விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அழகாக இருக்கிறதென்று வட்டக் கூண்டு வாங்காதீர்கள். பட்ஜி நேராக, கிடைமட்டமாகப் பறக்கும் பறவை. உயரத்தைவிட அதற்கு நீளம்தான் முக்கியம். சிறகை முழுதாக விரித்து, ஒரு குச்சியிலிருந்து இன்னொரு குச்சிக்குப் பறக்க முடிய வேண்டும். பானையை உள்ளே வைத்தால் குடும்பம் பெருகத் தொடங்கும். ஒரு ஈட்டுக்கு 4 முதல் 6 முட்டை, ஏறத்தாழ 18 நாளில் குஞ்சு. குஞ்சுகளை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் பானையே வேண்டாம்.

உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. நம் கடைகளில் ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் என்று விற்பார்கள். குட்டை வால், தடித்த அலகு, பட்ஜியைவிட முரட்டுக் குணம். பட்ஜியோடு ஒரே கூண்டில் விட்டால் பட்ஜியின் காலைக் கடித்துக் காயப்படுத்திவிடும். ஜோடி சேர்ந்தபின் தங்களுக்குள்ளேயே ஒரு உலகமாக இருக்கும்.

இந்த இடத்தில் இன்னொரு சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பறவைகளில் பல, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளன. 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி அப்படிப்பட்ட பறவை கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பட்ஜி, காக்டெயில், பீச் ஃபேஸ் லவ் பேர்ட் ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள ஃபிஷர் லவ் பேர்ட், கான்யூர், மக்காவ், ஆப்பிரிக்கன் கிரே போன்ற வெளிநாட்டுக் கிளிகள் எல்லாம் இருக்கின்றன. ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்.

[திரையில்: கொண்டையைத் தூக்கிச் சீட்டி அடிக்கும் காக்டெயில்.]

இதுவும் ஆஸ்திரேலியப் பறவைதான். காக்கட்டூ குடும்பத்திலேயே மிகச் சிறியது. தலையில் இருக்கும் கொண்டை அதன் மனநிலையைச் சொல்லிவிடும். நிமிர்ந்து நின்றால் ஆர்வம் அல்லது பயம், பாதி சாய்ந்திருந்தால் நிம்மதி, தலையோடு ஒட்டிப் படிந்திருந்தால் கோபம். கையை நீட்டாதீர்கள். ஆண் காக்டெயில் பேசுவதைவிடச் சீட்டி அடிப்பதில் கெட்டி. குக்கர் விசில், காலிங் பெல் ஓசை எல்லாம் திரும்ப வரும். 15 வருஷத்துக்கு மேல் வாழக்கூடியது. மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகளுக்காக வாங்கினால், அவள் கல்லூரி முடித்து வேலைக்குப் போகும்போதும் அது வீட்டில் இருக்கும். அப்போது யார் பார்த்துக்கொள்வது என்று இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

இதன் இறகிலிருந்து வெள்ளைப் பொடி உதிரும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் யோசிக்க வேண்டும். இருட்டில் திடீர்ச் சத்தம் கேட்டால் மிரண்டு கூண்டில் மோதிக்கொள்ளும் பழக்கமும் உண்டு. இரவில் ஒரு சிறிய விளக்கு எரிந்தால் போதும்.

சிலருக்குப் பறவையைக் கையில் எடுக்க விருப்பம் இருக்காது, பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்பார்கள். அவர்களுக்கு ஃபிஞ்ச் என்ற சிறு குருவி பொருத்தம். ஸீப்ரா ஃபிஞ்ச் 12 கிராம் அளவே இருக்கும். ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, பெண்ணுக்கு அது இல்லை. ஆண் குஞ்சு தன் பாட்டை அப்பாவிடமிருந்து கற்றுக்கொள்கிறது. மூளை எப்படிக் கற்கிறது என்று ஆராய்பவர்கள் அதனாலேயே இந்தப் பறவையைத் தேடிப் போகிறார்கள். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு என்னை மிகவும் வியக்க வைத்தது. வெயில் கடுமையாக இருக்கும்போது தாய் தந்தையர் முட்டையைப் பார்த்து ஒரு தனிக் குரல் கொடுக்கின்றன. அதைக் கேட்டுப் பொரிந்த குஞ்சுகள் வெப்பத்துக்கு ஏற்றபடி வளர்கின்றன. முட்டைக்குள் இருக்கும்போதே செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது!

[திரையில்: மொட்டைமாடி, மரக்கூண்டு, மாலை வானில் வட்டமிடும் புறாக்கள்.]

புறாவைப் பற்றிச் சொல்லாமல் தமிழ்நாட்டில் பறவை வளர்ப்பைப் பேச முடியாது. கூண்டுக்குள் பூட்டாமல், வானத்தில் விட்டு வளர்க்கும் பறவை இது. நாம் வளர்க்கும் பறவைகளிலேயே மிகப் பழமையான உறவு மனிதனுக்குப் புறாவோடுதான் என்பேன். வடசென்னை மாடிகளிலும் தென்மாவட்ட ஊர்களிலும் தாத்தா, அப்பா, மகன் என்று தொடர்ந்து வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பறந்துகொண்டே குட்டிக்கரணம் போடுவது கர்ணப் புறா. மணிக்கணக்காக உயரத்தில் நின்று பறப்பது சாதா புறா. வாலை விசிறிபோல விரித்து நிற்பது லக்கா. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டாலும் வீடு திரும்புவது ஹோமர். சூரியனின் இருப்பு, பூமியின் காந்தப்புலம், வாசனை, பழகிய அடையாளங்கள் என்று பலவற்றைச் சேர்த்து அது வழி கண்டுபிடிக்கிறது. ஒடிசா காவல்துறை 1946-இல் தொடங்கிய புறா அஞ்சல் சேவை பல பத்தாண்டுகள் நடந்தது. அங்கே பறந்தவை ஹோமர்கள்தான்.

புறாவின் குடும்ப வாழ்க்கையும் அருமையானது. இரண்டே முட்டை. பகலில் பெரும்பகுதி ஆண் அடைகாக்கும், இரவில் பெண். குஞ்சு வெளியே வந்ததும் இரண்டுமே கழுத்தடியில் உள்ள தீனிப்பையிலிருந்து பால் போன்ற ஒன்றைச் சுரந்து ஊட்டும். தந்தையும் பால் கொடுக்கும் அபூர்வப் பறவை இது. தீனிச் செலவும் குறைவு. கம்பு, சோளம், கோதுமை, பட்டாணி போதும். ஆனால் எச்சத்தூசி நுரையீரலுக்குக் கெடுதல். கூண்டைச் சுத்தம் செய்யும்போது முகக்கவசம் போடாமல் இறங்காதீர்கள்.

இனி, பெரிய கிளிகள். ஆப்பிரிக்கன் கிரே, மக்காவ், கான்யூர். இவற்றைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கறாரானது. பெரும்பாலான வீடுகளுக்கு இவை வேண்டாம்.

[திரையில்: சாம்பல் உடல், சிவப்பு வால், கூர்ந்து பார்க்கும் கண்.]

ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1977-இல் ஒரு செல்லப்பிராணிக் கடையில் ஆப்பிரிக்கன் கிரே ஒன்றை வாங்கினார். பெயர் அலெக்ஸ். முப்பது வருஷப் பயிற்சியில் அது நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களைப் பயன்படுத்தியது. ஏழு நிறங்களைச் சொன்னது. ஆறு வரை எண்ணியது. இரண்டு பொருள்களைக் காட்டி எதில் வேறுபாடு என்று கேட்டால், நிறமா வடிவமா என்று பதில் சொன்னது. 2007-இல் இறந்தபோது அதற்கு 31 வயது. அப்படிப்பட்ட மூளையை மூன்றடிக் கூண்டில் தனியாக வைத்துவிட்டு அலுவலகம் போனால் என்ன ஆகும்? தன் மார்பு இறகுகளைத் தானே பிடுங்கிக்கொள்ளும். அந்தப் பழக்கம் பிடித்துவிட்டால் மாற்றுவது மிகக் கடினம். 40, 50 வருஷம் வாழக்கூடிய பறவை என்பதால், நமக்குப் பிறகும் அது இருக்கலாம். சன் கான்யூர் கண்ணைப் பறிக்கும் மஞ்சள்தான், ஆனால் அதன் கத்தல் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்கு வீடு தாண்டிக் கேட்கும்.

அப்புறம், இறகு முளைக்காத குஞ்சை வாங்கி நீங்களே ஊட்டினால்தான் பாசம் வரும் என்று கடையில் சொல்வார்கள். நம்பாதீர்கள். கூழ் சூடு கூடினால் தீனிப்பை வெந்துவிடும். மூச்சுக்குழலில் போனால் உயிரே போய்விடும். தானாகத் தின்னப் பழகிய பறவையை வாங்குங்கள். பொறுமையாகப் பழகினால் அதுவும் தோளில் வந்து உட்காரும்.

[திரையில்: சுழலும் சீலிங் ஃபேன். அடுப்பில் நான்ஸ்டிக் தவா.]

நம் வீடுகளில் பறவைக்குப் பெரிய எமன் சீலிங் ஃபேன். கூண்டைத் திறக்கும் முன் ஃபேன் நின்றுவிட்டதா, ஜன்னல் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது சமையலறை. நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை நமக்குத் தெரியாது, பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். பறவையின் உடலில் காற்றுப்பைகள் வழியாக, மூச்சை விடும்போதும் நுரையீரலுக்குள் புதுக்காற்று போகிறது. பறப்பதற்கு வேண்டிய ஏற்பாடு அது. நச்சும் அதே வேகத்தில் உள்ளே போகும். கொசுவர்த்தி, சாம்பிராணி, பெயின்ட் வாசனை எல்லாவற்றிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

தீனியில் வெறும் தினையோடு நிறுத்தாதீர்கள். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட், முளைகட்டிய பச்சைப்பயறு கொடுங்கள். சுண்ணாம்புச் சத்துக்குக் கடல் நுரை எனப்படும் கணவாய் ஓடு ஒரு துண்டு கூண்டில் கட்டிவிடலாம். சூரியகாந்தி விதை கொழுப்பு நிறைந்தது, அளவாகத்தான் தர வேண்டும். அவகாடோ, சாக்லெட், காபி கூடவே கூடாது.

கடைசியாக, நோய். இரையாகும் உயிர் என்பதால் பறவை தன் பலவீனத்தை மறைக்கும். இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டது என்றால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, வாரம் ஒருமுறை எடையை எழுதி வையுங்கள். 35 கிராம் பட்ஜியில் 4 கிராம் குறைவது என்பது உடலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவர்களும் பறவையைப் பார்ப்பதில்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில், கூண்டு வாங்கும் முன்பே பறவை பார்க்கும் மருத்துவர் யார் என்று விசாரித்து அவருடைய எண்ணை வாங்கிவிடுங்கள்.