குறட்டையும் காலைச் செருமலும்

வணக்கம் நேயர்களே. காலையில் எழுந்ததும் தொண்டையைச் செருமிச் செருமியே நேரம் போகிறது. முதல் பேச்சு கரகரக்கிறது. தொண்டையில் ஒரு உருண்டை நிற்கிறாற்போல இருக்கிறது, எச்சில் விழுங்கினாலும் இறங்குவதில்லை. சளி என்று நினைத்து மருந்து குடிக்கிறோம். இப்படிச் செருமுகிறவர் இரவில் குறட்டை விடுகிறாரா என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேளுங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பக்கத்தில் படுத்தவருக்குத் தெரியும். குறட்டை திடீரென்று நிற்கும். நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கும், காற்று மட்டும் போகாது. 10 விநாடி, 20 விநாடி, சில நேரம் அதற்கும் மேல். பிறகு ஒரு திணறல், மறுபடி குறட்டை. தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு வழி மூடிக்கொள்கிறது. இந்தத் தடங்கல் மணிக்கு 5 முறைக்கு மேல் வந்தாலே கவனிக்க வேண்டும். 30 முறை என்றால் கடுமையான நிலை.

இளநீர்க் குழலின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், குழல் ஒட்டிப்போகும். அடைத்த தொண்டையோடு மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள்ளும் அதே உறிஞ்சல்தான். வயிற்றில் இருப்பதை அது மேலே இழுக்கப் பார்க்கிறது. தூக்கத்தில் எச்சிலும் குறைவு, விழுங்குவதும் குறைவு. எதுக்களித்து வந்தது சீக்கிரம் கீழே போகாது. அமிலத்தோடு பெப்சின் என்ற செரிமானப் பொருளும் வருகிறது. உணவுக்குழாய் தாங்குகிற அளவுகூடக் குரல்வளை தாங்காது. அதனால்தான் நெஞ்செரிச்சலே இல்லாமல் தொண்டை மட்டும் புண்ணாகிறது. குறட்டை விடும் எல்லோருக்கும் இப்படி ஆகும் என்றில்லை. உடல் பருமன் மூச்சடைப்பு, எதுக்களிப்பு இரண்டையும் கூட்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

தலையணை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘தலையை உயர்த்திப் படுங்கள்’ என்றதும் மூன்று தலையணையை அடுக்கிவிடுகிறார்கள். வேண்டாம். கழுத்து மடங்கி, முகவாய் நெஞ்சில் இடித்து, மூச்சு வழி இன்னும் குறுகும். வயிறும் மடங்கி அழுந்தும். உயர்த்த வேண்டியது கட்டிலை. தலைமாட்டுக் கால்கள் இரண்டின் கீழும் இரண்டிரண்டு செங்கல், படுக்கைவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக. ஏறக்குறைய 6 அங்குலம் கிடைக்கும். இரும்புக் கட்டில் வழுக்கும். அதற்குக் கால் உட்காரும்படி குழி வெட்டிய மரக்கட்டை வையுங்கள். பாயில் படுப்பவர்கள் இடுப்பிலிருந்தே சரிவாக ஏறும் நுரைமெத்தை வாங்கலாம். மறுபடியும் சொல்கிறேன், தலை மட்டும் அல்ல, இடுப்புக்கு மேலே முழுவதும் சாய்வாக இருக்க வேண்டும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இன்னும் நல்லது. வயிறு உணவுக்குழாய் வாய்க்குக் கீழே தங்கும்.

ராச்சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 3 மணி நேரம் விடுங்கள். எட்டு மணிக்கு இட்லி, பதினொன்றுக்குப் படுக்கை. நடுவில் பால், பழம், மிக்சர் எதுவும் வேண்டாம். மது தொண்டைத் தசையையும் வயிற்று வாயையும் சேர்த்தே தளர்த்திவிடும்.

நேரம் முடியப்போகிறது, மாத்திரை பற்றி அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மாத்திரையை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். அது அமிலத்தைக் குறைக்கும், மூச்சடைப்பைத் தீர்க்காது. அதற்குத் தூக்கப் பரிசோதனை செய்து, தேவையானால் சிபாப் கருவி போடுவார்கள்; முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி மூச்சு வழி மூடாமல் வைக்கிற கருவி அது. அதன் காற்றழுத்தம் எதுக்களிப்பையும் பலருக்குக் குறைக்கிறது. காற்றை விழுங்கி வயிறு உப்பினால் கருவியைக் கழற்றி மூலையில் போடாதீர்கள், அழுத்தத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். வணக்கம்.