பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்கப் போறீங்களா? கியர்பாக்ஸுக்கு தனியா காசு எடுத்து வச்சுட்டு வாங்க பேசலாம்

(காட்சி: சிவப்பு கலர் போலோ ஜிடி, பானட் திறந்து இருக்கு, எஞ்சின் ஓடுற சத்தம்)

வணக்கம் மக்களே. ராத்திரி தூக்கம் வராம செகண்ட் ஹேண்ட் கார் ஆப்ப தள்ளிட்டே இருக்கும்போது ஃபோக்ஸ்வேகனோட ஒரு போலோ ஜிடி டிஎஸ்ஐ கண்ணுல படும், 2014 மாடல், ரெண்டாவது ஓனர், அறுபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, விலைய பாத்தா புதுசா ஒரு சாதா சின்ன கார் வாங்குற காசு கூட இல்ல, உடனே மனசு அடிச்சுக்கும். எனக்கும் அடிச்சுக்கும், தப்பே இல்ல. ஆனா அந்த விலை ஏன் அவ்ளோ கம்மியா இருக்குன்னு ஒரு நிமிஷம் யோசிக்கணும்ல, அதுக்குத்தான் இந்த வீடியோ.

2013ல இந்த வண்டி இந்தியாவுக்கு வந்துச்சு. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 பிஎஸ் பவர், 175 என்எம் டார்க் (அதாவது இழுவை), கூடவே 7 ஸ்பீடு டிஎஸ்ஜி, அதாவது ரெண்டு கிளட்ச் வச்ச ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 100 கிலோமீட்டர் வேகத்த தொட 9.7 செகண்டுன்னு கம்பெனி கணக்கு. நம்ம ஊர் மாருதி செலேரியோவுல ஏஎம்டி, அதாவது மேனுவல் கியர்பாக்ஸையே தானா மாத்துற சிம்பிள் ஆட்டோமேட்டிக், வர்றதுக்கே 2014 ஆச்சு, அந்த நேரத்துல இப்படி ஒரு ஆட்டோமேட்டிக். சின்ன கார்ல பெரிய வேகம்னா அதுக்கு பேரு ஹாட் ஹேட்ச், "இது ஹாட் ஹேட்ச்சே இல்ல, வாம் ஹேட்ச்"னு கமெண்ட்ல சண்டைக்கு வருவீங்க, தெரியும். ஒரிஜினல் போலோ ஜிடிஐ 2016ல 192 பிஎஸ்ஸோட வந்துச்சு, மூணு டோர், விலை 26 லட்சத்த ஒட்டி, அத எத்தன பேர் வாங்க முடிஞ்சுது? அதனால நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஜிடி டிஎஸ்ஐதான் ஹாட் ஹேட்ச், அவ்ளோதான்.

(காட்சி: கழட்டி வச்ச கியர்பாக்ஸ், ரெண்டு கிளட்ச் தட்டு)

இப்ப மெயின் மேட்டர். இந்த கியர்பாக்ஸ் பேரு டிக்யூ200. உள்ள ரெண்டு கிளட்ச், ஒண்ணு 1, 3, 5, 7க்கு, இன்னொண்ணு 2, 4, 6, ரிவர்ஸுக்கு. ரெண்டுமே டிரை கிளட்ச். பெரிய டிஎஸ்ஜியில எல்லாம் கிளட்ச் ஆயில்லயே ஊறி கிடக்கும், சூட்ட ஆயில் எடுத்துட்டு போயிடும், இதுல அது கிடையாது, காத்துதான். ஹைவேல பிரச்சனையே இல்ல. ஆனா தி.நகர்ல சாயங்காலம் ஆறு மணிக்கு பிரேக்க பாதி விட்டு பாதி புடிச்சு ஊர்ந்துகிட்டே போனீங்கன்னா கிளட்ச் முழுசா ஒட்டவும் இல்லாம விடவும் இல்லாம தேஞ்சுகிட்டே சூடாகும். கொஞ்ச நாள்ல முதல் கியர்ல இருந்து ரெண்டுக்கு மாறும்போது ஒரு நடுக்கம் வரும், அதத்தான் ஜடர்னு சொல்றாங்க. விக்கிறவர் "டிஎஸ்ஜின்னா அப்படித்தான் சார் இருக்கும்"னு சொல்லுவாரு. நம்பாதீங்க.

அடுத்து மெக்கட்ரானிக். கியர்பாக்ஸோட மூளையும் கையும் ஒரே பெட்டிக்குள்ள இருக்குன்னு வச்சுக்கோங்க, கம்ப்யூட்டர், வால்வு, பம்பு, ஆயில் பிரஷர தேக்கி வைக்கிற அக்யுமுலேட்டர் எல்லாம் அதுலதான். அந்த அக்யுமுலேட்டர் உக்கார்ற எடத்துல அலுமினியம் ஹவுசிங் விரிசல் விட்டா பிரஷர் போயிடும். டேஷ்போர்டுல கியர் எழுத்து மினுக்கும், சில நேரம் ஒத்தப்படை கியர் மட்டும் விழும், ரிவர்ஸ் விழாது, சில நேரம் வண்டி நின்ன எடத்துலயே நிக்கும். இது நம்ம ஊர் புலம்பல் மட்டும் இல்ல, 2013 நவம்பர்ல ஃபோக்ஸ்வேகனே உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் வண்டிய திரும்ப கூப்பிட்டு இந்த கியர்பாக்ஸ்ல சிந்தெடிக் ஆயில எடுத்துட்டு மினரல் ஆயில் ஊத்துனாங்க. சூடும் ஈரப்பதமும் இருக்குற ஊர்ல, நின்னு நின்னு போற டிராபிக்ல எலக்ட்ரிக்கல் கோளாறு வர வாய்ப்பு இருக்குன்னு காரணம் சொன்னாங்க. சூடு, ஈரப்பதம், டிராபிக், அப்படியே மெட்ராஸ்!

மெக்கட்ரானிக் போச்சுன்னா பில் லட்சத்துல வரும். வெளி கடையில அந்த ஹவுசிங்க மட்டும் ரிப்பேர் பண்றவங்களும் இருக்காங்க, கம்மியா முடியும், ஆனா கை தெரிஞ்ச ஆளா இருக்கணும். என் கணக்கு என்னன்னா வண்டி விலைக்கு மேல ரெண்டு லட்சம் கையில வச்சுக்கோங்க, அது இல்லன்னா இந்த வண்டி பக்கமே போகாதீங்க. அஞ்சு வருஷம் அந்த காசு தேவைப்படலன்னா உங்க அதிர்ஷ்டம், ஒரு டூர் போயிட்டு வாங்க.

(காட்சி: டெஸ்ட் டிரைவ், டிராபிக்ல ஊர்ந்து போற வண்டி)

டெஸ்ட் டிரைவ் எடுக்கும்போது வண்டி ஜில்லுன்னு இருக்கணும். நான் ஒரு தடவ ஒரு வண்டி பாக்க போனப்ப அந்த புரோக்கர் நான் வர்றதுக்கு முன்னாடியே எஞ்சின ஓட விட்டு சூடாக்கி வச்சிருந்தாரு, பானட்ட தொட்டதுமே திரும்பி வந்துட்டேன். ஜில்லுன்னு ஸ்டார்ட் பண்ணும்போது முதல் சில செகண்ட் கரகரன்னு சத்தம் வருதான்னு கேளுங்க. 1.2 டிஎஸ்ஐ குடும்பத்துல எஞ்சினுக்குள்ள வால்வ சரியான நேரத்துக்கு இயக்க பழைய தலைமுறைக்கு டைமிங் செயின், புதுசுக்கு பெல்ட், எஞ்சின் கோட வச்சு எதுன்னு தெரிஞ்சுக்கோங்க, செயின் நீண்டு போச்சுன்னா அது தனி செலவு. அப்புறம் இருபது நிமிஷமாவது நெரிசல்ல ஓட்டுங்க, ஒரு மேட்டுல ரிவர்ஸ் எடுத்து பாருங்க, சூடானாதான் வேஷம் கலையும். கடைசியா விசிடிஎஸ் (ஃபோக்ஸ்வேகன் வண்டிய லேப்டாப்ல ஸ்கேன் பண்ற சாஃப்ட்வேர்) வச்சிருக்குற ஆள கூட்டிட்டு போய் ஸ்கேன் பண்ணுங்க. ஆயிரம் ரெண்டாயிரத்துக்கு கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

ரீமேப் பண்ண, அதாவது எஞ்சின் சாஃப்ட்வேர மாத்தி பவர ஏத்துன வண்டியா இருந்தா ரெண்டு மடங்கு உஷார், இந்த கியர்பாக்ஸ் தாங்குறதே 250 என்எம் வரைக்கும்தான்.

மத்ததெல்லாம் சில்லறை. டோர் லாக்குக்குள்ள இருக்குற மைக்ரோ சுவிட்ச் போனா கதவு மூடியிருந்தாலும் தொறந்திருக்குன்னு காட்டும். லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட் இதெல்லாம் நம்ம ஸ்பீடு பிரேக்கருக்கு தேயத்தான் செய்யும், லொடலொடன்னு சத்தம் வந்தா விலைய குறைக்க ஒரு சாக்கு. கூலண்ட் டப்பாவுல பிங்க் கலருக்கு பதிலா வெறும் தண்ணி தெரிஞ்சா எங்கயோ லீக் இருந்து ஊத்தி ஊத்தி ஓட்டியிருக்காங்கன்னு அர்த்தம். எஞ்சின் ஆயில் ஃபோக்ஸ்வேகன் சொல்ற 502 00 ஸ்பெக் ஃபுல் சிந்தெடிக்தான், பில்லுல அது இருக்கான்னு பாருங்க. சிட்டியில மைலேஜ் 10, 11 தான் வரும், இப்ப பங்க்ல ஊத்துறது ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், இந்த வண்டி அதுக்குன்னு செஞ்சது இல்ல, அதனால இன்னும் கொஞ்சம் இறங்கும்.

சென்னை ரெஜிஸ்ட்ரேஷனா இருந்தா வெள்ளம் வந்த 2015 டிசம்பர், 2023 டிசம்பர் இந்த ரெண்டு மாசத்துக்கு அப்புறம் என்ன சர்வீஸ் நடந்திருக்குன்னு ஹிஸ்டரிய தோண்டுங்க. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்து பாருங்க, வெள்ளத்துல நின்ன வண்டியில அந்த கடைசி ஒரு அடியில சேத்து கறை ஒளிஞ்சிருக்கும். பெங்களூர் வண்டி சீப்பா கிடைக்குதேன்னு எடுத்தா என்ஓசி, நம்ம ஊர் ரோடு டேக்ஸ் எல்லாம் சேத்து கூட்டி பாருங்க, அந்த சீப் காணாம போயிடும். 2013 வண்டிக்கு 2028லயே 15 வருஷம் முடியுது, ஆர்சி புதுப்பிக்க எஃப்சி, 5,000 ரூபா ஃபீஸ், கிரீன் டேக்ஸ்னு அலையணும்.

இவ்ளோ டென்ஷன் வேணாம்னா 2020ல இருந்து வந்த 1.0 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக் தேடுங்க. அதுல டிஎஸ்ஜி இல்ல, 6 ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டர், அதாவது கிளட்ச் தட்டுக்கு பதிலா ஆயில் வழியா பவர கடத்துற ஆட்டோமேட்டிக், 110 பிஎஸ், டார்க் அதே 175. 2022ல போலோவையே நிறுத்திட்டாங்க, அதனால விலை கூடுதலா சொல்லுவாங்க. கொடுக்கலாம். மூணு சிலிண்டர், அந்த பழைய நாலு சிலிண்டரோட வழவழப்பு இல்ல, அது எனக்கும் வருத்தம்தான்.

ஏற்கனவே ஜிடி டிஎஸ்ஐ வச்சிருக்கவங்க உங்க ஸ்கேன்ல வந்த எரர் கோடும், கியர்பாக்ஸுக்கு ஆன பில்லும் கமெண்ட்ல போடுங்க, அடுத்த வீடியோவுல அதயே எடுத்து பேசுவோம்.